அம்புக்குறி

என் கைக்கு வந்த காகிதம் கெட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, சுவரில் மாட்டும் அச்சுப்படம், பரிசுப் பெட்டி, எதுவானாலும் எங்கள் பட்டறையில் வடிவமும் அச்சும் என் பொறுப்பு. வெட்டுவது, மடிப்பது, பெட்டி கட்டுவதெல்லாம் என் நாத்தனார். நான் பேசுவேன், அவள் ஒட்டுவாள். பன்னிரண்டு வருஷமாக வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

காகிதத்துக்குள் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதன் போக்கில் மடித்தால் மடிப்பு அழகாக விழும். குறுக்கே மடித்தால் மேலே உள்ள மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அதனால் நாத்தனார் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு வைப்பாள். எனக்கு அதெல்லாம் எதற்கு? இரண்டு விரலால் வளைத்தாலே தெரிந்துவிடும். ‘அம்புக்குறி’ என்றே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தேன். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள்.

ஒரு கல்யாணத்துக்குக் கருநீலப் பத்திரிகை இருநூறு. மறுநாள் மணப்பெண் வந்து வாங்கிப்போக வேண்டும். முந்தின நாள் காலையில் நாத்தனார் முதல் அட்டையை மடித்து என் மேஜையில் வைத்தாள். மடிப்பு நெடுக வெள்ளையாக வெடித்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அதே கதி. அந்தத் தாள் மறுபடி கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குறியை மாற்றிப் போட்டுத் தொலைத்தாயா என்று கேட்டேன். இல்லை அண்ணி என்றாள். நான் காதில் வாங்காமல் மணப்பெண்ணுக்கு ஃபோன் போட்டு, மடிக்கிறவர் சொதப்பிவிட்டார், இரண்டு நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். எந்த நம்பிக்கையில் இரண்டு நாள் என்றேனோ, கடவுளுக்கே வெளிச்சம். அந்த ‘மடிக்கிறவர்’ மூன்றடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஃபோனை வைத்தபோது அவள் பசை பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டறை மூடும்போதுதான் அது தண்ணீரைப் பார்க்கும். அதைத் துடைத்து டப்பாவில் நிறுத்திவிட்டு ஏப்ரனைக் கழற்றினாள்.

“நாளையிலேர்ந்து நான் வரல அண்ணி.”

அவள் இல்லாத பட்டறையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்போதும் புத்தி நேராக வேலை செய்யவில்லை. தப்பு அவளுடையதுதான் என்று நிரூபித்தால் நின்றுவிடுவாள் என்று நினைத்துக் குப்பைக்கூடையைத் தரையில் கொட்டினேன். வெட்டி எறிந்த ஓரத் துண்டு ஒன்றில் அம்புக்குறி இருந்தது. வளைத்துப் பார்த்தேன். குறி சரி. ஒரு தாளில் நாலுக்குப் பதில் ஆறு பத்திரிகை வரவைக்கிறேன் பார் என்று அச்சைக் குறுக்கே திருப்பிப் போட்டவள் நான்தான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். ஆனால் அவளுக்கு வந்த கெட்ட பெயர் வெளியே போயிருக்கிறதே. மறுபடி ஃபோன் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“தப்பு மடிச்சவங்களோடது இல்லம்மா. அவங்க சரியாத்தான் குறிச்சு வெச்சிருந்தாங்க. நான்தான் பாக்காம அச்சுப் போட்டுட்டேன். கோவிச்சுக்கணும்னா என்னைக் கோவிச்சுக்கோ.”

மணப்பெண் கோபிக்கவில்லை. நாளை மறுநாள் ஊருக்குப் போகிறாளாம், பத்திரிகை கையில் இருந்தாக வேண்டுமாம், என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

நாத்தனார் ஃபோன் பக்கம் வந்தாள். “மடிப்பு வழியா ரெண்டா வெட்டி, சிவப்புத் துணி ஒட்டிச் சேத்துடலாம். நாளைக்கு மதியம் வாங்க.”

பெட்டி மூடிக்கு ஒட்டும் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். நான் பசை தடவினேன், அவள் ஒட்டினாள். மறுநாள் மதியம் இருநூறும் தயார். மணப்பெண் ஒன்றை எடுத்துத் திறந்து மூடித் திறந்து, குட்டிப் புத்தகம் மாதிரி இருக்கிறது, முதலிலேயே ஏன் இப்படிச் செய்யவில்லை என்றாள். யோசனை இவளுடையது என்று கையைக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் வேறொரு வேலைக்குப் புதுத் தாள் வந்தது. நானே முந்திக்கொண்டு இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, பென்சிலால் அம்புக்குறி போட்டு அவளிடம் நீட்டினேன். அவளும் வளைத்துப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து என் குறியை அழித்துவிட்டு, குறுக்கே வேறொன்று போட்டாள்.

“நீங்க பேசுங்க அண்ணி,” என்றாள். “இதை நான் பாத்துக்கறேன்.”