காய்ச்சலில் போன அம்மா

தெய்வயானைக்கு நாற்பது வயதுதான். கர்ப்பப்பையில் கட்டி, ஓயாத உதிரப்போக்கு, ஆளே வெளுத்துக் கிடந்தாள். சைகோன் ஆஸ்பத்திரி ஒன்றில் மறுநாள் ஆபரேஷன். டாக்டர் வியட்நாமிய மொழியில் கேட்பதைத் தமிழில் சொல்வதற்காக, அவள் புருஷன் சதாசிவம், பென்தான் என்ற சந்தையருகே இருக்கும் துணிக்கடையை அடைத்துவிட்டு வந்து நின்றான்.

"ஒங்க குடும்பத்துல யாருக்காச்சும் மார்ல புத்து வந்திருக்கான்னு கேக்குறாரு. வந்திருந்தா சினைப்பையையும் சேத்து எடுத்துடுவாராம். இந்த வயசுல எடுத்தா மார்ப்புத்து வர்றது கொறையுமாம். வரவே வராதுன்னு சொல்ல மாட்டாராம். யாருக்கும் இல்லேன்னா விட்டுடுவாராம், எடுத்தா ஒடம்பு சீக்கிரம் தளந்துடுமாம்."

"யாருக்கும் இல்ல."

"அத்தை காய்ச்சல்லதானே போனாங்க?"

"ஆமாங்க."

பொய். சுத்தப் பொய். அம்மா மார்பு புண்ணாகி, வீடெல்லாம் வாடையடிக்க, துடிதுடித்துச் செத்தாள். தங்கை பஞ்சவர்ணம் அப்போது விவரம் தெரியாத குழந்தை. அவளிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார்கள். அதை நம்பித்தானே சதாசிவம் இவளையும், அவன் தம்பி இவள் தங்கையையும் கட்டினார்கள்? காரைக்காலில் பஞ்சவர்ணத்தின் மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். இப்போது உண்மை வெளியே வந்தால் மாமியார் சும்மா விடுவாளா? தாயையும் மகளையும் பிய்த்துத் தின்றுவிடுவாள்!

சதாசிவம் மாரியம்மன் கோயில் விபூதியை அவள் நெற்றியில் பூசிவிட்டுப் போனான். தங்கமான மனுஷன். அவனிடமே சொல்ல முடியாததை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? கூரைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று தடதடத்துப் போயிற்று. இத்தனை பெரிய ஊரில் தனக்கென்று ஒரு ஆள் இல்லையே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மாதிரி சாக அவளுக்குப் பயம்.

ஊசி போட நர்ஸ் வந்தாள். தெய்வயானை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்கறிக்காரிகளிடம் பேரம் பேசிப் பொறுக்கிய நாலு வார்த்தைதான் இவள் கையிருப்பு. அதை ஒரு பேச்சாகவே சதாசிவம் நினைத்ததில்லை. தன் மார்பைத் தொட்டுக் காட்டி, "அம்மா செத்துப்போனாள்" என்று அந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள். பிறகு சதாசிவம் போன வாசலைக் காட்டி உதட்டில் விரல் வைத்தாள்.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அதையும் எடுத்துவிடவா என்பதுபோல் அவர் வயிற்றைக் காட்டிக் கேட்டார். தெய்வயானை சரியென்று தலையை ஆட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது சதாசிவம் அழுதுகொண்டிருந்தான்.

"சினைப்பையையும் எடுத்துட்டாங்க புள்ள. ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"எனக்கு அவங்க பாஷை என்னங்க தெரியும்?"

அவன் அதையும் நம்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குக் கடுதாசி போடப்போறேன். பஞ்சவர்ணத்துக்கு என்ன எழுதட்டும்?" என்றான்.

பஞ்சவர்ணத்துக்கும் அதே அம்மாதான். அவளிடம் எந்த டாக்டர் கேட்டாலும் அவள் காய்ச்சல் என்றுதான் சொல்வாள், அதுவும் பொய்யென்று தெரியாமலே. தெய்வயானை வாயைத் திறந்தாள். சதாசிவம் பேனாவைத் திறந்து காத்திருந்தான்.

"நல்லா இருக்கேன்னு எழுதுங்க" என்றாள்.