இசக்கிராஜாவின் மூச்சு

எங்கள் மேசைக்கு மூன்று பேர். பேசுவதற்குக் காவியா, ஓடுவதற்கு இசக்கிராஜா, எண்ணுவதற்கு நான். ஒருவருடைய மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். யாரும் என்னைப் பேசச் சொல்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளி அறிவியல் கண்காட்சியிலிருந்து நடுவர் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு மேசையைத்தான் தென்காசியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள். அதற்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஒத்திகையில் ஓடியது காவியா. மைதானத்தை ஒருமுறை சுற்றி வந்தவளுக்கு மூச்சு இரண்டு மடங்காகியிருந்தது. 'ஓடினால் மூச்சு இரு மடங்காகும்' என்று சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். ஆனால் மூச்சிரைத்ததில் அவளால் விளக்கம் சொல்ல முடியவில்லை.

"நடுவர் வாரப்ப நான் ஓட மாட்டேன். ஏலே இசக்கி, நீ ஓடு. பாக்கவும் நல்லாருக்கும்," என்றாள்.

எங்களுக்கு அது சரியாகவே பட்டது. வகுப்பில் அவனைப் போல ஓட ஆள் கிடையாது.

நடுவராக வந்தவர் வேறொரு பள்ளியின் ஆசிரியர், தங்கப்பழம் சார். கனத்த உடம்பு. மற்ற மேசைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வந்தார். அவர் முன்னால் இசக்கிராஜாவின் மூச்சை எண்ணினேன். சட்டை பறக்க ஒரு சுற்று ஓடி வந்து சிரித்துக்கொண்டே நின்றான். மறுபடி எண்ணினேன். நிமிடம் முடிந்தும் எண்ணிக்கை சார்ட்டில் சொன்ன இரு மடங்கை எட்டவில்லை.

"எவ்வளவும்மா?"

காவியா என் காதருகே குனிந்தாள். "ஏட்டி ரெனி, கூட்டிச் சொல்லு. அவரா எண்ணுனாரு?"

சார்ட்டையும் இசக்கிராஜாவையும் மாறி மாறிப் பார்த்தேன். சார் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"பதினாறு இருந்துச்சு. இப்போ இருபது சார்," என்றேன்.

"அப்போ உங்க சார்ட் தப்பு. இவன் தூங்கி எந்திச்சவன் மாதிரில்லா நிக்கான்." அவர் போகத் திரும்பினார்.

"சார்ட் தப்புதான் சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் நின்றார்.

"காவியா ஒருத்திய மட்டும் வச்சு எழுதிட்டோம். இவன் வருசா வருசம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுனதும் ஆடிச்சுற்று போறவன். கோயில நூறு சுத்துக்கு மேல சுத்துவான். கிரவுண்டு ஒரு சுத்து அவனுக்கு ஒண்ணுமே இல்ல. எண்ணிக்கைதான் கம்மி, ஒவ்வொரு மூச்சையும் ஆழமா இழுக்கான். மார்பப் பாருங்க."

அவர் பார்த்தார். "எல்லாம் பழக்கந்தான்னு எப்படிச் சொல்லுத?"

"ரெண்டு பேர வச்சுச் சொல்லக் கூடாது சார். இன்னொருத்தரும் ஓடணும்."

யாரும் முன்வரவில்லை. இசக்கிராஜா தலையைச் சொறிந்தான். "சார், நீங்க ஆடிச்சுற்று சுத்துனதுண்டா?"

"நானா? பைக்ல வேணா சுத்துவேன்."

"அப்போ நீங்கதான் சார் வேணும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாரும் சிரித்தார். பேனாவைக் காவியாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். முதலில் அவரை உட்கார வைத்து எண்ணினேன். பதினெட்டு. பிறகு ஓடினார். மற்ற மேசைக்காரர்களெல்லாம் மைதானத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். "விடாதீய சார்!" என்று கூச்சல்.

திரும்பி வந்து முழங்காலில் கைகளை ஊன்றி நின்றார். நான் அவர் முதுகைப் பார்த்தே எண்ணினேன்.

"நாப்பது சார்!"

காவியா சார்ட்டில் சிவப்பு வரியை அடித்துவிட்டு, 'பழகிய உடம்புக்கு மூச்சு கொஞ்சம் கூடும், பழகாத உடம்புக்கு நிறையக் கூடும்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். "சார் பேரையும் எழுதட்டா?" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சிரைப்பில் பேச்சு வரவில்லை. கையை நீட்டி அவளிடமிருந்து தன் பேனாவை வாங்கினார். அந்த வரிக்குக் கீழே பெரிதாக எழுதினார்: தென்காசி.

இசக்கிராஜா கத்தினான், காவியா கத்தினாள். நானும் கத்தினேன். ஓய்ந்தபோது எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. யாரும் எண்ணவில்லை.