படத்தில் இடித்த இடி

“நாவல்ல அப்பிடி இல்லைன்னு மட்டும்தாம்ப்பா சொல்லப் போறேன், வேற ஒண்ணும்…”

“அந்த ‘மட்டும்’தான் வேண்டாங்கேன். படம் நல்லாருக்கு, பாத்துட்டு எல்லாரும் அழுதோம்னு…”

“பாக்குறதுக்கு முன்னாடியே அழுதோம்னு எழுதிக் குடுத்தா எப்பிடிப்பா வாசிக்க…”

“நான் முடிச்சுக்கிறேன் இரு. அது மொதலாளி எடுத்த படம்.”

“எடுத்தா? எடுத்தவருக்கு எதை வேணும்னாலும் மாத்தலாமா?”

நடுவில் வள்ளித்தாய் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சினேகா ஒவ்வொரு தடவை அப்பன் பக்கம் திரும்பும்போதும் சீப்பு முடியோடு போய்த் திரும்பி வந்தது. பின்னல் மூன்றாகப் பிரிய மாட்டேன் என்றது.

சீனிச்சாமி ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வள்ளித்தாய்க்கும் அங்கேயே வாசல் வேலை. உள்ளே போகிற பெண்களின் காலையும் கையையும் தலையையும் பார்த்து, கொலுசோ கொண்டை ஊசியோ இருந்தால் கழற்றி வாங்கி வைத்துவிட்டு அனுப்புகிறது அவள்தான். அந்த வேலை முடிந்ததும் அவளும் உள்ளே போய்த் திரி வைக்க உட்கார்ந்துவிடுவாள். மகள் விருதுநகரில் காலேஜில் தமிழ் படிக்கிறாள். கம்பெனி முதலாளி ஒரு படம் எடுத்திருந்தார். ‘கரிமருந்து’ என்று பழைய நாவல். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதியது. இன்றைக்கும் காலேஜில் பாடமாக இருக்கிறது. படத்தின் முதல் காட்சி இன்றைக்குக் காலையில் விருதுநகர் தியேட்டரில், கம்பெனி ஆட்களுக்காக. முடிந்ததும் மேடை. நாவலையும் படத்தையும் வைத்துப் பார்த்து, படம் எப்படி வந்திருக்கிறது என்று படித்த பிள்ளை ஒன்று சொல்ல வேண்டும். நம்ம போர்மேன் மகளே சொல்லட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்குத்தான் சீனிச்சாமி ஒரு தாளில், தெரிந்தவரைக்கும் நல்ல வார்த்தையாக, எழுதி வைத்திருந்தார்.

நாவல் கதை வள்ளித்தாய்க்கும் தெரியும். மகள் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிக்கும்போது அடுப்படியில் இருந்தே கேட்டிருக்கிறாள். தீபாவளி நெருக்கம். மேற்கே இடி இடிக்கிறது. வேலை செய்கிற பெண்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறார்கள். சரக்கு அனுப்ப வேண்டிய நாள் தப்பிப் போகிறதே என்று முதலாளி வாசலில் நின்று எல்லாரையும் திரும்ப உள்ளே அனுப்புகிறான். அய்யம்மாள்தான் கடைசியாக உள்ளே போகிறவள். போகும்போது வானத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை மகள் படித்த அன்றைக்கு வள்ளித்தாய் சோற்றைக் குழைய விட்டுவிட்டாள்.

படப்பிடிப்பு சீசன் இல்லாத மாதத்தில் கம்பெனியிலேயே நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக வள்ளித்தாயையும் உட்கார வைத்தார்கள். அங்கே அவள் பார்த்தது வேறு. யாரும் வெளியே வரவில்லை, யாரும் உள்ளே அனுப்பவும் இல்லை. அய்யம்மாளாக நடித்த பெண் கொலுசு போட்டுக்கொண்டு மருந்து அறைக்குள் நடந்தாள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து அந்தக் கொலுசையே எடுத்தார்கள். கொலுசில் பொறி, பொறியில் மருந்து, எல்லாம் போச்சு. அவள் மேலேயே பழி. வீட்டுக்கு வந்து வள்ளித்தாய் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள், கொலுசோட உள்ள விட்ட வாசல்காரி எவளோ, அவளைச் சொல்லணும் என்று. சினேகா சிரிக்கவில்லை. சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

“படம்னா மாத்தலாம்ப்பா,” என்றாள் சினேகா இப்போது, குரலை இறக்கி. “பாட்டு வைக்கலாம். சாகாதவளைச் சாகடிக்கலாம். யாரு கொன்னாங்கிறதை மாத்தக் கூடாது.”

சீனிச்சாமி சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டார்.

அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று வள்ளித்தாய்க்குத் தெரியும். போர்மேன் ஆவதற்கு முன்னால் அவர் மருந்து கலக்குகிற அறையில் நின்றவர். அந்த வருசங்களில் சாயங்காலம் அவர் சைக்கிள் சத்தம் கேட்கிறவரைக்கும் அவளால் உலை வைக்க முடியாது. வைத்தால் ஆகாது என்று இல்லை. கை வராது. இந்த முதலாளி யாரையும் வேலையை விட்டு நிறுத்துகிறவர் இல்லை. சத்தம் போட மாட்டார். எதிர்த்துப் பேசினவனைக் கூப்பிட்டு, நாளையில இருந்து மருந்து ரூம்ல நில்லுப்பா என்பார், தோளில் கை வைத்து. கடைசியாக அப்படித் தோளில் கை வைக்கப்பட்டவன் பலவேசம். அவன் வீட்டில் இப்போது அவன் போட்டோவுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

பின்னலை ஒருவழியாக முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டு வள்ளித்தாய் சொன்னாள்:

“உங்கப்பா மறுபடி அந்த ரூமுக்குப் போனாருன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் தாயி.”

சினேகா தாளை எடுத்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாசிப்பேன் என்று சொல்லவில்லை. வாசிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விருதுநகர் வரைக்கும் கம்பெனி பஸ்ஸில் வள்ளித்தாய் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கூடத் திரி வைக்கிற வீரலட்சுமி பின் சீட்டில் இருந்து, என்ன மதினி, மகளைப் பொண்ணு பாக்க வந்தவ மாதிரி பாக்குறீக என்று கேலி பண்ணியதும் காதில் சரியாக விழவில்லை.

தியேட்டர் வாசலில் முதலாளி வெள்ளை வேட்டியில் நின்று ஒவ்வொருவரையும் சாப்பிட்டீகளா, சாப்பிட்டீகளா என்று விசாரித்தார். சினேகாவைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தார். பக்கத்தில் நின்ற டைரக்டரிடம், இந்தப் பிள்ளைதான் என்று காட்டினார். டைரக்டர் ஒல்லியான ஆள். தூங்கிப் பல நாள் ஆனதுபோல இருந்தார்.

“உள்ளதைச் சொல்லணும் தாயி,” என்றார் முதலாளி. “பயப்படாமச் சொல்லணும், என்ன?”

வள்ளித்தாய் மகளின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். அவர் நினைக்கிற உள்ளது எதுவோ.

படம் ஆரம்பித்ததும் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். அங்கன பாரு நம்ம கம்பெனி, இங்கன பாரு முத்துக்கருப்பன் முதுகு என்று கத்தி அடையாளம் சொன்னார்கள். வீரலட்சுமி ஒரு நொடி வந்து போனதற்கு விசில் பறந்தது. என் முகத்தை எடுக்கச் சொன்னா முந்தானையை எடுத்திருக்கான் என்று அவள் திட்டினாள். பாட்டு வந்தது. சினேகா மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் அவள் உள்ளங்கையில் வேர்வையில் ஊறிப்போயிருந்தது.

பிறகு படத்தில் மேகம் கூடியது. வெளிச்சம் மங்கியது. திரை முழுக்க மருந்து அறை. அய்யம்மாள் கொலுசுக் காலோடு வாசல்படி தாண்டினாள். தாண்டும்போது கதவுப்பக்கத்துச் செம்புத் தகட்டையும் தொடவில்லை. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தானே யாரும் உள்ளே போவது. நடிப்புதான், சாயத்தண்ணியும் மரத்தூளும்தான் என்று வள்ளித்தாய்க்குத் தெரியும். அந்த மரத்தூளைத் தட்டில் கொட்டியதே அவள்தான். இருந்தும் இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே இழுத்து வைத்துக்கொண்டாள். யாராவது அவளைக் கூப்பிடுங்களேன். கழத்திட்டுப் போன்னு சொல்லுங்களேன்.

அப்போது இடித்தது.

முன்னால் இருந்து இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்து, தலைக்கு மேலே இருந்து, மேற்கே கருக்கிக்கொண்டு வருகிற அசல் இடியாக உருண்டு வந்து நெஞ்சில் இறங்கியது.

வள்ளித்தாய் எழுந்தது அவளுக்கே தெரியாது. கையில் பாதி தின்ற முறுக்கு இருந்தது. அதைச் சத்தம் வராமல் சீட்டின் மேல் வைத்தாள். அவளுக்கு முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது. யாரும் ஓடவில்லை. ஓடக் கூடாது, காலை இழுக்கக் கூடாது, பக்கத்து ஆள் மேல் இடிக்கக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது. இருட்டில் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் வரிசையாகக் கதவைப் பார்த்து நடந்தார்கள். செருப்பைத் தேடினவர்கள்கூட இல்லை. மகளின் மணிக்கட்டு தன் கைக்குள் இருக்கிறது என்பது மட்டும் வள்ளித்தாய்க்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்ததும் கம்பெனிப் பொட்டலில் நிற்கிற மாதிரியே நின்றார்கள், ஆளுக்கு ஆள் தள்ளி, மரத்தடியை விட்டு விலகி. மேலே பார்த்தார்கள்.

வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு துண்டு மேகம் இல்லை. எதிரே டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார்.

“அடி கிறுக்குச் சிறுக்கிகளா,” என்றாள் வீரலட்சுமி. “படத்துலல்லா இடிச்சது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டு நாலு பக்கமும் போனது. முத்துக்கருப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சினேகாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று வள்ளித்தாய் நினைத்த நேரத்தில் சிரிப்பு ஒரு ஓரத்தில் இருந்து அணைந்துகொண்டு வந்தது. முதலாளி படியில் நின்றுகொண்டிருந்தார்.

டைரக்டர் அவருக்கு முன்னால் இறங்கி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. இத்தனை வருசத்தில் தான் எத்தனையோ ஊரில் படம் போட்டுக் காட்டியிருப்பதாகவும், பிடிக்காதவர்கள் கத்துவார்கள், தூங்குவார்கள், இப்படி ஒரு ஆள் மிச்சமில்லாமல் எழுந்து போனதில்லை என்றும் சொன்னார். அந்த அளவுக்குத் தப்பாக என்ன எடுத்துவிட்டேன் என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

முதலாளி சீனிச்சாமியை மட்டும் பார்த்தார். பிறகு சினேகாவின் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

“எந்திரிச்சுப் போயிரணும்னு வீட்டுல வச்சே பேசி முடிச்சிட்டீகளோ?”

“இல்ல மொதலாளி. இடிச்சுச்சு. இடிச்சா எந்திரிச்சு வெளிய வரணும்ல, அந்தப் பழக்கத்துல…”

“படத்துல இடிச்சதுக்கு.”

“ஆமா மொதலாளி.”

“அம்புட்டுப் பேரும்.”

உண்மையைச் சொன்னாலும் நம்புகிற மாதிரி இல்லை என்று சீனிச்சாமிக்கே தெரிந்தது. முதலாளி படியில் இருந்து இறங்கினார். நிதானமாக நடந்து வந்து சீனிச்சாமி பக்கத்தில் நின்றார். வலது கையைத் தூக்கினார். அந்தக் கை எங்கே வந்து உட்காரப் போகிறது என்று வள்ளித்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோளில் உட்கார்ந்தது.

“சரி. மேடைக்குக் கெஸ்ட்டெல்லாம் வர்ற நேரம். எல்லாரையும் உள்ள போகச் சொல்லு. மத்ததை நாளைக்குப் பேசிக்குவம்.”

சீனிச்சாமி கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஒன்றிரண்டு பேர் நகர்ந்தார்கள். அந்த நேரத்தில் திறந்து கிடந்த கதவு வழியாக மறுபடியும் உருண்டு வந்தது, உள்ளே ஓடிக்கொண்டே இருந்த படத்தின் இடி. நகர்ந்தவர்கள் நின்றார்கள். படம்தான் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கால் எழவில்லை.

“நான் சொல்றேன்ல,” என்றார் முதலாளி. “ஒண்ணும் ஆகாது. போங்க.”

சினேகா தலையைத் தூக்கினாள். டைரக்டரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார், இதை நாவலில் எங்கேயோ படித்த மாதிரி. மகளின் வாய் திறக்கப் போகிறது என்று வள்ளித்தாய்க்குப் புரிந்துவிட்டது. ஒரு எட்டு முன்னால் போய் மகளை மறைத்தாற்போல நின்றாள். அவளை அடக்கத்தான் போனாள். வாயைப் பொத்தி, கையைப் பிடித்து, பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

ஆனால் போன சீசன் நினைவுக்கு வந்துவிட்டது. மகளிடம்கூடச் சொல்லாதது. ஐப்பசியில் ஒரு மத்தியானம், கடைசி லோடு நிற்கிறது, மேற்கே சத்தம் கேட்கிறது. எல்லாரும் எழுந்தார்கள். சீனிச்சாமி ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் படியில் முதலாளி தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. சீனிச்சாமி உள்ளே வந்து, தூரத்துலதான் இடிக்குது, உக்காருங்க என்றார். பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். திரியை எடுத்து வைத்தாள், இன்னொன்று எடுத்து வைத்தாள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்றைக்கு அவர் தோளில் அந்தக் கை இன்னும் இருந்தது. இனி பயந்து காப்பாற்ற என்ன மிச்சம்?

வள்ளித்தாய் முதலாளியைப் பார்த்துத் திரும்பினாள். குரல் வந்தபோது அது தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு மெல்லிசு.

“மொதலாளி, நெசமாவே இடிக்கையில நாங்க வெளிய வரணுமா, உள்ளயே உக்காரணுமா? எல்லாரும் நிக்கிறாக, ஒரு வார்த்தை சொல்லிருங்க.”