அப்பால் உள்ள ஜோடி

"இந்தப் படத்தைப் பார். அப்பால் உள்ள ஜோடியைத் தொடு" என்று வாசித்துவிட்டு ஹெப்சிபா ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பூட்டு. அந்தப் பக்கம் குடை, சாவி, சீப்பு. ஒன்பது வயது லுப்னா பூட்டைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் கட்டிக்கொண்டு ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து விநாடி ஓடியது. ஹெப்சிபா பூஜ்யம் போட்டாள்.

புத்தியை அளக்கிற சோதனை அது. கையேட்டில் இருப்பதை ஓர் எழுத்து பிசகாமல் வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. அளக்கிறவர் மரக்கட்டையாக இருந்தால்தான் அளவு சரியாக வருமாம். இந்தக் கட்டளை வரும் மூன்று பகுதிகளிலும் லுப்னா வாய் திறக்கவில்லை, விரலையும் நீட்டவில்லை. இத்தனைக்கும் ஆறு எண்களைத் தலைகீழாகத் தடுமாறாமல் ஒப்பித்த பிள்ளை. ஹெப்சிபாவுக்கு உறுத்தியது. ஆனாலும் கூட்டிப் பார்த்தாள். அறுபத்து நாலு.

ராயபுரத்து கிளினிக்கின் அந்தச் சின்ன அறைக்குள் லுப்னாவின் அம்மா ஜெரினாவைக் கூப்பிட்டாள். வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைப்பவள்.

"எழுபதுக்குக் கீழ வந்திருக்கும்மா. ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்த உங்க ஸ்கூல்ல கேட்ட சர்ட்டிபிகேட் குடுத்துடறேன்."

"அப்போ வேற இஸ்கூலுக்குத்தான் இட்டுகினு போவணுமா மேடம்?" ஜெரினா லுப்னாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கையி, கழுத்து, பாடின்னு வெட்டுன துணியெல்லாம் கலந்து கெடந்தாலும், எதுக்கு எது ஜோடின்னு எடுத்துக் குடுக்கறதே இவதான். இவளுக்கா புத்தி கம்மி?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எல்லா அம்மாக்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு ஹெப்சிபா கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

லுப்னா பையிலிருந்து பன்னை எடுத்தாள்.

"ஏய், அப்பால துன்னு" என்றாள் ஜெரினா.

லுப்னா பன்னை மடியில் வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஹெப்சிபாவின் பேனா நின்றது. இதே மாதிரி உட்கார்ந்திருப்பதை இன்று காலையிலிருந்து பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

"லுப்னா, அப்பாலன்னா என்ன?"

"இப்ப இல்ல மிஸ். அப்பால."

ஹெப்சிபாவுக்குக் காது சுட்டது. மார்த்தாண்டத்துக்காரி அவள். அவள் ஊரில் பிறகு என்பதற்குப் 'பொறவு'. அதைச் சொல்லித்தான் இங்கே ஆட்டோக்காரர்களின் கேலிக்கு ஆளானாள். "அப்பால வர்றேன்" என்று அவர்கள் சொல்வதையும் இரண்டு வருடமாகக் கேட்கிறாள். கேட்டு என்ன பிரயோஜனம்?

புத்தகத்தைத் திறந்தாள். "பூட்டுக்கு ஜோடி எது?"

"சாவி."

பன்னிரண்டையும் லுப்னா மூச்சு விடாமல் தொட்டாள்.

"தெரியுமில்ல, அப்பவே தொட்டிருக்கலாமே?"

"நீங்கதான் அப்பாலன்னீங்க. எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

இரண்டாம் தடவை சொன்ன பதிலுக்கு மதிப்பெண் கிடையாது என்கிறது கையேடு. ஹெப்சிபா சர்ட்டிபிகேட்டைக் கிழித்தாள். வேறு தாளில் எழுதினாள்: "கட்டளை குழந்தைக்குப் புரியும் தமிழில் இல்லை. பிழை அவளுடையது அல்ல. இந்த மதிப்பெண் செல்லாது." ஜெரினாவிடம் கொடுத்தாள்.

"பேஜாரு ஒண்ணும் இல்லியே மேடம்?"

"இல்லம்மா. இவ அதே ஸ்கூல்லயே படிக்கட்டும். யாராவது கேட்டா என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு ஹெப்சிபா அலமாரியைத் திறந்தாள். அவள் கையெழுத்திட்ட இரண்டு வருடத்து ஃபைல்கள். கைக்கு வந்த ஒன்றை உருவினாள். சுஃபியான், எட்டு வயது, எண்ணூர். மதிப்பெண் அறுபத்தொன்று. சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரை. அதே மூன்று பகுதிகளிலும் நெடுகப் பூஜ்யம்.

பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: "பதில் இல்லை. கைகட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்."