பெருநாள் காலைப் பாம்பு

கூடை போனபடியே திரும்பி வந்தது. ரொட்டி, அவித்த முட்டை நாலு, ஒரு கிண்ணம் ஆலிவ் காய். முட்டைகளை மட்டும் சிறைக் காவலரின் கத்தி இரண்டிரண்டாகப் பிளந்திருந்தது. மிலூதா துணியை விலக்கி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. ஒரு காயாவது குறைந்திருக்கக் கூடாதா என்று மறுபடியும் எண்ணினாள்.

அவள் தம்பி ஜிலாலி சாப்பிட்டுப் பதினாறு நாள் ஆயிற்று. தண்ணீரும் சர்க்கரையும்தான். மத்தி மீன் ஆலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகப் பிடித்துக்கொண்டு வந்த ஏழு பேரில் அவன் ஒருவன். ஐந்து மாதமாகியும் வழக்குக்குத் தேதி போடவில்லை. தேதி சொல்லும்வரை உணவைத் தொடமாட்டோம் என்று ஏழு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மிலூதா, இப்படி ஓரமா வா." யமீனா அவள் கையைப் பிடித்துச் சிறைச் சுவரோரம் இழுத்துப் போனாள். யமீனாவின் புருஷன் ஹம்முவும் அந்த ஏழு பேரில் ஒருவன். "தேதி குடுத்துட்டாங்கடி. வர்ற மாசம் எட்டாம் தேதி. நேத்து ஆறு பேரும் கஞ்சி குடிச்சிட்டாங்க. என்னை உள்ள விட்டாங்க, அவரைப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"ஏழு பேர்ல ஆறுன்னா, எவன் பாக்கின்னு நீ சொல்ல வேண்டாம்."

"அவனைத் தனி அறையில போட்டிருக்காங்க. வார்டர் போய்ச் சொன்னா, இதே பொய்யைப் போன வாரமும் சொன்னீங்கங்கறானாம். போன வாரம் நெசமாவே பொய்தான் சொல்லியிருக்கானுங்க. இப்ப நெசத்தைச் சொன்னா நம்பமாட்டேங்கறான்."

"உன் புருஷன் சொல்லக் கூடாதா?"

"சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு மனுஷனுக்கு. அடிச்சுக் கத்தச் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டானாம் உன் தம்பி. என் வீட்டுலேருந்து வரட்டும், அப்ப நம்பறேன்னு சொன்னானாம்."

மிலூதா வாசலுக்கு ஓடினாள். சாப்பிடாதவனைப் பார்க்க அனுமதி கிடையாது, கடிதம் கிடையாது என்றார் காவலர். பார்க்க விட்டால் அவன் சாப்பிடுவான். சாப்பிட்டால்தான் பார்க்க விடுவார்கள். இதை அவள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். காவலர் மீசையைத் தடவிக்கொண்டு நாலு தடவையும் கேட்டார்.

"சட்டம் நான் எழுதலம்மா. கூடை கொண்டா, வாங்கிக்கறேன். திங்கள், வியாழன். ரொட்டிக்குள்ள சீட்டு வெக்கிற வேலை வேண்டாம். ஒருத்தி வெச்சுத்தான் எல்லாத்தையும் வெட்டிப் பாக்கறோம்."

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டு வேண்டாம், சரி. வாய் வேண்டாம், சரி. கூடை மட்டும்தான் உள்ளே போகும். கூடையை எப்படிப் பேச வைப்பது? பாலம் தாண்டும்போது அவளுக்குப் பாம்பு நினைவு வந்தது.

அரைத்த பாதாமைச் சர்க்கரை, வெண்ணெய், இலவங்கப்பட்டை, ஆரஞ்சுப் பூ நீர் சேர்த்துப் பிசைந்து, தாள்போல மெல்லிய மாவுத் தகட்டில் வைத்துக் கயிறாக உருட்டி, வட்டமாகச் சுருட்டி வைத்துச் சுடுவது. பாம்பு என்றுதான் அதற்கு எல்லா வீட்டிலும் பெயர். கல்யாணம், காதுகுத்து எதற்கும் மற்றவர்கள் செய்வார்கள். அவர்கள் அம்மா வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் செய்வாள். முப்பது நோன்பும் முடிந்த பெருநாள் காலையில். ஜிலாலி கைக்குழந்தையாக இருந்த காலம் தொட்டு, பாம்பு தட்டில் வந்தால் நோன்பு முடிந்தது, தின்னலாம் என்றுதான் அர்த்தம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. போன பிறகு மிலூதா ஒருமுறைகூடச் செய்ததில்லை.

செய்தி சந்தெல்லாம் பரவிவிட்டது. சந்தே மரியாதையாக லல்லா என்று கூப்பிடும் எதிர்வீட்டு ஃபத்தூமா ஒரு கிலோ பாதாமோடு வந்து நின்றாள். மகன் துணிக்கடை வைத்திருக்கிறான். கையில் பண ஓட்டம் உண்டு.

"ஊற வெச்சுத் தோலெடுத்ததுதான். அந்தப் பிள்ளை பல்லுல படட்டும். உங்கம்மா எந்த அளவுல போடுவா?"

"அவ அளவு கையளவு லல்லா. கண்ணால பாத்ததுதான்."

"அப்ப என் அளவுல போடு. எங்க வீட்டுப் பாம்பைத் தின்னுட்டு வேற பாம்பைத் தேடினவன் கிடையாது."

ஆலையில் மீன் தலை கிள்ளிக் கிள்ளி நாறிப்போன விரல்களை எலுமிச்சையால் மூன்று தடவை தேய்த்துவிட்டு மிலூதா பிசைந்தாள். இன்னொருத்தி புது ஆரஞ்சுப் பூ நீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே அலங்காரத்துக்கு முழுப் பாதாமை வரிசையாகப் பதித்தது ஃபத்தூமாவே. எல்லா வீட்டுத் தட்டையும் கூலிக்குச் சுட்டுத் தரும் சந்து மூலை அடுப்புக்காரர் அல்லால் தட்டை வாங்கி, கல்யாண வீட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, இதை நடு அடுப்பில் வைத்தார். பொன் நிறத்தில் வந்தது. அதைப் பார்த்து நாலு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காவலர் அதைப் பத்துத் துண்டாக வெட்டினார். வெட்ட வெட்ட வாசனை வாசல்வரை வந்தது. மூன்று மணிக்குக் காவலர் கூடையை நீட்டியபோது அதில் பத்துத் துண்டும் இருந்தன.

"தொடலம்மா. கடைப் பலகாரம் வாங்கியா ஏமாத்தறீங்கன்னு சிரிச்சானாம். சிரிக்கவும் தெம்பு இல்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறான்னு சொன்னாங்க."

மிலூதா சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது நினைவில்லை, கை தானாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டது. வெண்ணெய்போலக் கரைந்தது. அவள் ஆயுளில் இவ்வளவு நல்ல பலகாரம் தின்றதில்லை. அதுதான் அவளை நிறுத்தியது. இன்னொரு துண்டை மென்றாள். யாரோ பணக்கார வீட்டு விசேஷத்தில் ஓரமாக நின்று தின்பதுபோல இருந்தது.

அம்மாவின் பாம்பில் பாதாம் ஏது?

ஆலையில் மீன் கழுவியவள் பாதாமுக்கு எங்கே போவாள்? நிலக்கடலை. தோலைப் பாதி எடுத்து, பாதி எடுக்காமல் விட்டது. காய்ந்த ரொட்டித் தூள், சர்க்கரை, கை நிறைய இலவங்கப்பட்டை. "பாதாம்தான், அல்லா மேல ஆணை," என்று பெருநாள் காலையிலேயே பொய்ச் சத்தியம் பண்ணுவாள். சுருளின் நடுவில், பாம்பின் கண் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு பாதாம் நிஜமாகவே இருக்கும். அக்காவும் தம்பியும் அதற்காக அடித்துக்கொள்வார்கள். எவர் கைக்குக் கிடைத்தாலும் பல்லால் கடித்துப் பாதியை மற்றவருக்குக் கொடுத்தாக வேண்டும். அடுப்பில் ஏழை வீட்டுத் தட்டுக்குக் கடைசியில், தீப்பக்கம்தான் இடம் கிடைக்கும். ஆகையால் ஒரு பக்கம் எப்போதும் கருகியிருக்கும். கருகின பக்கம் அம்மாவுக்கு.

அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் நல்லதாகச் செய்துவிட்டாள். நல்லதாகச் செய்ததால் அது யாருடையதோ ஆகிவிட்டது. மூன்று நாள் வீணாகப் போயிருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள். நாலு நாளைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பானா?

ஞாயிறு காலை அவள் கடலை வறுப்பதைப் பார்த்து ஃபத்தூமா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது? என் பாதாம் எங்க?"

"இருக்கு லல்லா. ஒண்ணு போதும் எனக்கு."

"ஒண்ணா? சாகக் கெடக்கிற பிள்ளைக்குக் கழுதைக்குப் போடறதைச் சுருட்டி அனுப்பப் போறியா? ஊர் என்ன சொல்லும்? இந்தச் சந்துல பாதாமுக்கு வக்கில்லேன்னு சொல்லாது?"

"சொல்லட்டும். எங்க வீட்டுல வக்கில்லதான். அது அவனுக்குத் தெரியும்."

ஃபத்தூமா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கடலையை மிலூதா அம்மாவின் உரலில்தான் இடித்தாள். ஒழுங்காக இடிக்கவில்லை, பல்லில் நெறநெறவென்று தட்டுப்படும்படி விட்டாள். மாவுத் தகடு இரண்டு இடத்தில் கிழிந்தது. அம்மா செய்ததுபோலவே எச்சில் தொட்டு ஒட்டினாள்.

அடுப்புக்காரரிடம்தான் கஷ்டம்.

"சித்தப்பா, இதைக் கடைசியில வைங்க. தீப்பக்கமா. ஒரு பக்கம் கருகணும்."

அல்லால் நீண்ட கட்டையை அடுப்பு வாயில் சாய்த்து வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "நாப்பது வருஷமா கருகாம எடுக்கத்தான் இந்த முதுகு வளைஞ்சிருக்கு. தூக்கமில்லாம உனக்குப் புத்தி பிசகிப்போச்சும்மா. நான் நல்லாத்தான் எடுப்பேன்."

"எங்கம்மா தட்டை என்னிக்காவது நல்லா எடுத்திருக்கீங்களா?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

"உங்கம்மா வர்றதே கடைசியில. இடம் இருக்காது," என்றார் பிறகு, மெதுவாக.

"உங்களைக் குத்திக் காட்ட வரல சித்தப்பா. அந்தக் கருகல் வேணும் எனக்கு. அது இல்லேன்னா எங்க வீட்டுதுன்னு அவன் நம்பமாட்டான்."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். மற்ற தட்டுகள் எல்லாம் போன பிறகு தீப்பக்கம் செருகினார். கருகும் வாசனை வந்ததும் கை பழக்கத்தில் கட்டையைப் பிடித்தது. பிடித்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "போதுமா?" "இன்னும் கொஞ்சம்." "போதுமா, பாவி?" "இப்ப எடுங்க."

திங்கட்கிழமை. இருபத்து மூன்றாம் நாள். காவலர் துணியை விலக்கி முகம் சுளித்தார்.

"போன தடவை கொண்டு வந்ததைக் கண்ணுலயாவது ஒத்திக்கலாம். இதென்ன, எரிஞ்ச கயிறாட்டம்?"

கத்தி சுருளைக் குறுக்கே வெட்டியது. இரண்டு, நாலு, எட்டு. நடுவில் கத்தி முனை எதிலோ தட்டியது. காவலர் நிமிர்ந்தார். கிளறி எடுத்தார். மிலூதா ஓரடி முன்னால் வந்தாள்.

"என்னது?"

"பாதாம் ஐயா."

"இத்தனை பெரிய பாம்புக்கு ஒண்ணே ஒண்ணா?"

"எங்களால ஆனது அவ்வளவுதான்."

அவர் அதைக் கத்தி முனையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. போட்டுக்கொண்டால் கேட்க நாதியில்லை. காவலருக்குச் சிரிப்பு வந்தது. "உள்ள இருக்கிறவன் குடுத்து வெச்சவன்தான்," என்று அதைத் துண்டுகளின் மேல் சுண்டிவிட்டார்.

மூன்று மணிக்குக் கூடை வரவில்லை. மற்ற கூடைகள் எல்லாம் வந்து, மற்ற பெண்கள் எல்லாம் போனார்கள். யமீனா கூட இருக்கிறேன் என்றாள், மிலூதா அவளையும் பேருந்துக்கு அனுப்பினாள். நாலு மணிக்கு உள்ளே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. செத்தவனுக்காக ஓடுவதும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்தாள். தொழ வேண்டும் என்று நினைத்தாள், எந்த வார்த்தையும் வாய்க்கு வரவில்லை. சுவரில் இருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

கதவு திறந்தது. அதே காவலர். கூடையை நீட்டினார்.

"டாக்டர் வந்துட்டுப் போனாரு. அதான் லேட்டு. இனிப்பெல்லாம் இப்ப ஆகாதாம், குடல் தாங்காதாம். கஞ்சித் தண்ணி குடுக்கச் சொல்லியிருக்காரு."

"குடிச்சானா?"

"அவனேதான் கேட்டான்."

கூடை கிட்டத்தட்டப் போனபடியே இருந்தது. எட்டுத் துண்டில் ஏழு அப்படியே. எட்டாவதில், கருகின பக்கத்தில், ஒரு கடி. ஆழமில்லாத கடி, பிடிமானமில்லாத பல்லின் கடி. அவள் துண்டுகளை விலக்கித் தேடினாள். பாதாம் இல்லை. காவலர்தான் தின்றிருப்பார் என்று நினைத்துத் துணியை உதறப் போனாள். துணியின் ஒரு மூலை முடிச்சுப் போட்டிருந்தது. அவள் போட்ட முடிச்சு இல்லை. நகத்துக்கு அவிழவில்லை, பல்லால் அவிழ்த்தாள்.

அரைப் பாதாம். கடித்த ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.