வெறும் தண்ணீரில் ஏறிய சூடு

சோப்பும் பாலிமரும் தண்ணீரில் சேர்ந்தால் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வெளியே யாரிடமாவது சொன்னால், “அப்புறம்?” என்பார்கள். அப்புறம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

சுண்டுவிரல் அளவுக் கலத்தில் தண்ணீர் இருக்கும். அதில் ஊசி வழியாகப் பாலிமர் சொட்டுச் சொட்டாக விழும். பிறக்கும் சூட்டைக் கருவி திரையில் கோடாகப் போடும். சோப்பு கலக்காத வெறும் தண்ணீர் என்றால் கோடு சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். போன வாரம் அது எழுந்து ஒரு மேடு கட்டிவிட்டது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் யாரும் பார்க்காதது என்றார். இதோடு ஆய்வேட்டை முடித்துக்கொண்டு மாதக் கடைசியில் வீட்டுக்குக் கிளம்பலாம் என்றும் சொல்லிவிட்டார். வீடு வேறு ஊரில். அங்கே கணவனும் ஏழு வயது மகளும். அன்றைக்கே மகளிடம் போனில் சொல்லியாயிற்று. அதுதான் வினை.

எதற்கும் இருக்கட்டும் என்று அதே சோதனையை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். கோடு படுத்துக்கொண்டது. தண்ணீரில் துளியூண்டு சோப்பு விட்டு ஓட்டினாள். அதே மேடு, அதே உயரம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டமும் கைக்கு வரும், வீட்டுக்கும் போகலாம். ஒரு நாள் மூடித்தான் இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. மூன்று கோடுகளையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கலத்தில் சோப்பு மிச்சமிருந்திருக்கிறது, பாலிமர் அதைத்தான் பிடித்துக்கொண்டது என்று அவரே சொன்னார்.

“கலத்தைக் கழுவினது யாரும்மா?”

“நீங்கதான் சார். எனக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு நீங்களே கழுவி ஓட்டினீங்க.”

அவர் முதல் கோட்டைக் கையில் எடுத்தார். “நல்லாத்தான் நுரை வந்துச்சு,” என்றார்.

ஆய்வேடு இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. மனசு கேட்காமல், இனிமேல் தானே கழுவித் தருவதாக அவர் சட்டைக்கையை மடித்தார். வேண்டாம் என்று அவள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் மகளை அழைத்தாள். இப்போதைக்கு வரமுடியாது, கழுவின கலத்தில் சோப்பு சரியாகப் போகவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றாள்.

“நான் டம்ளர் கழுவினா மட்டும் மூணு தடவை அலசச் சொல்ற,” என்றாள் மகள்.

கலத்தைக் கழுவியது பேராசிரியர் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

“சரி, நல்லா அலசிட்டே வாம்மா.”