ஒரு சாண் உயரத்தில் முதல் பேருந்து

“எல்லாரும்னா யாரெல்லாம்ப்பா? நம்மள யாரும் கேக்கவே இல்லையே?” என்று ஒரு சிறுமி கேட்டதால்தான் அந்த ஊரில் நானூறு பேர் தரையைவிட்டு ஒரு சாண் உயரம் எழும்பினார்கள். பேருந்தின் முதுகில் ‘எங்கள் சேவையில் எல்லாரும் திருப்தி’ என்று விளம்பரம் ஒட்டியிருந்தது. சிறுமியின் அப்பா அதே பேருந்து நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் கருத்துக் கணிப்பு எடுப்பவர். யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. அதனால் யாரைக் கேட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தலைமை அலுவலகத்துக்குப் பாஸ் எடுக்க வந்தவர்களை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்து, அது வாயில் இருக்கும்போதே ‘திருப்திதானே?’ என்று கேட்டிருந்தார்கள். வாய் திறக்க வழியில்லாமல் அத்தனை பேரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மகளுடைய செருப்பு வாரை இறுக்கிவிட்டுப் பள்ளிக்கு அழைத்துப் போனார்.

அந்த வாரமே அடுத்த கணிப்பு வந்தது. விடியும் நேரத்தில் ஓடும் முதல் பேருந்தை நிறுத்திவிடலாமா என்று நிறுவனம் யோசித்துக்கொண்டிருந்தது. இருபது பேரில் ஒருவராவது வேண்டும் என்று சொன்னால் ஓட்டுவது, இல்லாவிட்டால் நிறுத்துவது என்று ஏற்பாடு. மக்கள் தொடர்பு அதிகாரி தாராள மனசுக்காரர். இந்த முறை பாஸ் கவுண்டரில் நாலாயிரம் பேரைக் கேட்டுவிடலாம், பிஸ்கட்டுக்கும் சொல்லியாயிற்று என்றார். நம் ஆள் முதல் தடவையாக மறுத்துப் பேசினார்.

“உப்பு பாக்க ஒரு கரண்டி போதும் சார். ஆனா அடிவரைக்கும் கிண்டிட்டுப் பாக்கணும். மேலாப்புல எடுத்து நாலாயிரம் கரண்டி குடிச்சாலும் அடியில என்ன இருக்குன்னு தெரியாது.”

“அப்போ ஊரையே கிண்டச் சொல்றீங்களா?”

“குலுக்கினா போதும் சார். நானூறு பேர்.”

அதிகாரி சிரித்துவிட்டார். குலுக்குங்கள், ஊர் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். ஊரில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு என்று எழுதி, பெரிய தண்ணீர் டிரம்மில் போட்டு, கடவுளை நினைத்துக்கொண்டு நம் ஆள் குலுக்கினார். ஒவ்வொரு சீட்டும் வெளியே வந்தபோது அந்தச் சீட்டுக்குரியவர் இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் எழும்பினார். அன்றிலிருந்து குலுக்கியவருக்குக் ‘குலுக்கல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

முடிதிருத்துபவர் எழும்பியதால் வாடிக்கையாளர்களின் நாற்காலிக்குக் கீழே செங்கல் வைக்க வேண்டியதாயிற்று. கணக்கு டீச்சர் கரும்பலகையின் உச்சியில் பல வருஷமாக அழியாமல் இருந்த ஒரு கூட்டலை அழித்தார். ஒரு தையல்காரரின் மனைவி எழும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் குனிந்தே பார்த்துப் பழகிய கணவர், நிமிர்ந்து பார்த்தால் இன்னும் அழகாக இருக்கிறாள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எழும்பாதவர்களுக்குப் பொறாமை தாளவில்லை. சிலர் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு, தங்களையும் தேர்ந்தெடுத்துவிட்டதாகப் புளுகினார்கள். குலுக்கலின் ஆட்கள் வந்து கேள்வி கேட்க, எழும்பிய ஒவ்வொருவரும் உண்மையைச் சொன்னதும், மாடிப்படி இறங்குவதுபோலப் பதமாகத் தரைக்கு வந்தார். முகஸ்துதிக்குப் பேருந்தைப் புகழ்ந்த ஒரு மளிகைக்கடைக்காரர் மட்டும் இன்னும் மேலே போய் மின்விசிறியில் முட்டிக்கொண்டார். “நான் ஓடி வர்றதப் பாத்துக்கிட்டேதான்யா டிரைவர் வண்டிய எடுக்கறாரு” என்று அங்கிருந்தே கத்தியதும் பொத்தென்று அரிசி மூட்டைமேல் விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஊர் ஒரு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தது.

சிரிப்பில் ஒரு தப்பு நடந்துபோனது. முப்பத்துச் சொச்சம் வீடுகள் எப்போது போனாலும் பூட்டியிருந்தன. அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதால், பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைக் கேட்டு எழுதச் சொல்லிவிட்டார் குலுக்கல். கடைசித் தெருவில் ஒரு வீட்டுக்கு அவரே போனார். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீடு அது, பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். விடியற்காலையில் யாருக்கு பஸ் வேண்டும், அது மனிதர்கள் தூங்கும் நேரம் என்றார். பெரியவரின் கால்கள் தரையில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. குலுக்கல் அதைப் பார்த்தார், பார்த்தும் எழுதிக்கொண்டார். இருபதில் ஒருவர்கூடத் தேறவில்லை. மாதக் கடைசியோடு முதல் பேருந்து நிற்கும் என்று எல்லா நிறுத்தங்களிலும் அறிவிப்பு ஒட்டினார்கள்.

நிற்கப்போகும் அந்தப் பேருந்தின் டிரைவர் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, வண்டி பஞ்சுபோலப் போகிறது, டீசலே குடிப்பதில்லை என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, “பாதி சனம் சீட்ல உக்காரவே மாட்டேங்குது சார். கம்பியப் புடிச்சிக்கிட்டு மெதந்துக்கிட்டே வருது” என்றார். அதிகாரி டீசல் மிச்சத்தைக் குறித்துக்கொண்டார். குலுக்கல் பூட்டிய வீடுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். வீடுகள் பூட்டியிருந்ததற்குக் காரணமே விடியும்போதே ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போன அந்தப் பேருந்துதான். அதில் ஏறிப் போகிறவர்களைத் தவிர, அதைப் பற்றி மற்ற எல்லாரையும் கேட்டிருந்தார்.

மறுநாள் விடியும்போது முதல் பேருந்தில் ஏறினார். பால் கொண்டுபோகிறவர், காவலாளி, நர்ஸ், சமையல்காரம்மா என்று வரிசையாக மிதந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் கும்பிட்டு, விட்டுப்போன கேள்வியைக் கேட்டார். பதில் சொன்னவர்கள் ஒவ்வொருவராக இறங்கி இருக்கையில் உட்கார, பேருந்து எடை கூடி முனகத் தொடங்கியது. சில நாளில் எல்லாரையும் கேட்டு முடித்தார், கடைசித் தெருத் துப்புரவுப் பெண் ஒருத்தியைத் தவிர. அவளுக்கு அந்த வாரம் மருத்துவமனையிலேயே தங்கி வேலை. புது அறிக்கையைப் படித்த அதிகாரி முகத்தைச் சுளித்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். முதல் பேருந்து நிற்கவில்லை. இனி அந்த ஒருத்தியைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்கு மாறாது. ஆனால் கடவுள் கணக்கெடுக்கும்போது பூட்டிய வீட்டைத் தாண்டிப் போவதில்லை என்று குலுக்கல் நம்பினார்.

மருத்துவமனையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. அவள் ஒரு சாண் உயரத்தில் நின்றபடி, மாப்புக்கு நீளமான கழி கட்டித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு உங்க வீடு பூட்டியிருந்துச்சும்மா. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னத உங்களுக்குப் பதிலா எழுதிட்டேன்.”

“அவரா? அவரு பஸ்ல ஏறி எத்தன வருஷமாச்சு.” அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. “வீட்ல இல்லன்னா ஊர்லயே இல்லன்னு ஆயிடுமாய்யா?”

குலுக்கல் கும்பிட்டு, முதல் பேருந்து உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்.

“வேணும். அது இல்லன்னா அம்புட்டு தூரமும் நடக்கணும். நீங்க புண்ணியத்துக்கு மெதக்க விட்டிருக்கீங்க, அது எத்தன நாளைக்கோ.”

சொல்லி முடிக்கும்போதே அவள் பாதங்கள் ஈரத் தரையைத் தொட்டன. இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள். துடைத்த இடத்தில் அவள் கால் தடம் விழுந்தது. அவர் நடந்து வந்த செருப்புத் தடமும் வாசல்வரை கிடந்தது. போச்சு, மறுபடி முதலிலிருந்து துடைக்கணும் என்று அவள் அலுத்துக்கொண்டபோது, உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்; போனாள். குலுக்கல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கழியை அவிழ்த்து அவள் உயரத்துக்கு மாப்பைச் சரிசெய்தார். தாழ்வாரம் முழுவதையும் ஒரு மூலை விடாமல் துடைத்து, வாளித் தண்ணீரை மாற்றி வைத்துவிட்டு, அவள் திரும்புவதற்குள் சுவரோரமாக நடந்து வெளியேறினார்.